விளையாட்டு முற்றம்: ஏமாற்றியவர்களும் ஏமாந்தவர்களும்



பல்லாரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற ஒரு தாயார் கேட்டார்: "தம்பி, என்ர மூத்தவன் பொக்சிங் பழகப் போறன் எண்டு ஒற்றைக்காலில நிற்கிறான். அது உருப்படாத ஆக்களின்ர விளையாட்டல்லோ? கடைசியில எல்லாரும் சீரழிஞ்சுதானே போறாங்கள்?"

அவருடைய பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. குத்துச்சண்டையின் சரித்திரத்தைப் புரட்டினால், ரசிகர்களை வானத்துக்கு ஏற்றிவிட்டு நடுவழியில் கைவிட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். உதைபந்தாட்டத்தில் தோற்றால் பதினொருபேர் பழியைப் பங்குபோட்டுக் கொள்ளலாம். இங்கே கயிற்று மேடையில் ஒருவன் தனியே நிற்கிறான். வென்றாலும் அவன்தான், விழுந்தாலும் அவன்தான். "எங்களை ஏமாற்றிவிட்டான்" என்று சொல்வது மிகச் சுலபம். ஆனால் அவனுக்குப் பின்னால் யார் நின்றார்கள், அவனுடைய பணப்பையை யார் வைத்திருந்தார்கள் என்று நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

எல்லோரும் அறிந்த மைக் ரைசனை முதலில் சொல்லி முடித்துவிடலாம். 1986 நவம்பர் 22 இல், 20 வயதில், அதிபார நிறைப் பிரிவின் மிக இளைய உலகச் சம்பியன் ஆனார். அவரைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்துப் பழக்கிய கஸ் டமாட்டோ அதற்கு ஒரு வருடம் முன்னரே காலமாகிவிட்டார். 1990 பெப்ரவரி 11 இல் தோக்கியோவில், யாருமே பொருட்படுத்தாத பஸ்ரர் டக்ளஸ் அவரைப் பத்தாவது சுற்றில் படுக்க வைத்தார். பின்னர் பாலியல் வல்லுறவுக் குற்றத்துக்காக 1992 முதல் 1995 வரை சிறை. 1997 இல் எதிராளியின் காதைக் கடித்தார். உழைத்த கோடிக்கணக்கான டொலர்கள் கரைந்து 2003 இல் கடனாளி என்று நீதிமன்றத்தில் நின்றார். வளர்த்தவர் இருந்திருந்தால் வேறாகியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆயினும் இந்தக் கணக்கில் பெரும்பங்கை ரைசனின் பெயரிலேதான் எழுதவேண்டும் என்பது எமது கருத்து.

அடுத்தது எமது ஊர்ப் பக்கத்துக் கதை. 1938 இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்ணி ஹென்றிகஸ் இலங்கைக்குக் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். அதன்பின் 72 வருடங்கள் அந்தப் பக்கமே இல்லை. 2010 ஒக்ரோபரில் டெல்லிப் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 56 கிலோ பிரிவில் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றார். 2009 இன் புண் ஆறாத காலம் அது. எம்மில் பலர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருப்போம். தென்னிலங்கையிலோ கொண்டாட்டம். அந்த ஆரவாரம் அடங்குமுன்பே அவருடைய சிறுநீர் மாதிரியில் நன்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து அகப்பட்டது. பதக்கம் பறிக்கப்பட்டது, இறுதிச் சண்டையில் தோற்ற வேல்ஸ் நாட்டு ஷோன் மக்கோல்ட்றிக்குக்குத் தங்கம் போனது. 72 வருடக் காத்திருப்பு ஒரு போத்தல் சிறுநீரில் முடிந்தது.

பெற்றோர்கள் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஊக்கமருந்து விதியின்படி, உடம்புக்குள் என்ன போகிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்ற விளக்கம் தண்டனைக் காலத்தைக் குறைக்கலாம், பதக்கத்தைக் காப்பாற்றாது. இத்தாலியச் சட்டத்தின்படி ஊக்கமருந்து கொடுப்பதும் எடுப்பதும் பொலிஸ் வழக்காகும் குற்றங்கள். ஆகவே "பலெஸ்த்ரா" என்று இங்கே சொல்லப்படும் பயிற்சிக்கூடத்தில் யாராவது உங்கள் பிள்ளைக்கு "உடம்பு வைக்கும்" மாவோ குளிசையோ நீட்டினால், அந்தப் பேணியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். குடும்ப வைத்தியரிடம் காட்டிவிட்டு மிகுதியைப் பேசலாம்.

இனி, நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்த நாட்டின் கதை. இங்கே வயதானவர்கள் ஆஜானுபாகுவான ஒருவரைக் கண்டால் "கர்னேரா" என்பார்கள். பிரிமோ கர்னேரா என்ற மனிதரின் பெயர் அது. 1906 இல் வடகிழக்கே பிரியூலிப் பகுதியில் செக்குவால்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். பிரிமோ என்றால் முதலாவது. தம்பிக்கு செக்கொந்தோ, அதாவது இரண்டாவது, என்றே பெயர். தகப்பன் கல் பதித்துச் சித்திரம் செய்யும் தொழிலாளி. வேலை தேடி ஜேர்மனிக்குப் போனவர். இன்று எம்மைப் போன்றோர் இத்தாலிக்கு வருவதுபோல் அன்று இத்தாலியர் வெளிநாடுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரிமோவும் சிறுவயதிலேயே பிரான்சுக்குப் போய்த் தச்சுவேலை செய்தார். வயிற்றுப்பாட்டுக்குப் போதாமல் ஊரூராகத் திரியும் சேர்க்கஸில் பலசாலியாக வேடிக்கை காட்டினார். ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரம், 120 கிலோ நிறை. 1928 இல் ஒரு பழைய குத்துச்சண்டை வீரர் இவரைக் கண்டு, லெயோன் சே என்ற முகாமையாளரிடம் கொண்டுபோய் விட்டார்.

அதே வருடமே மேடை ஏற்றிவிட்டார்கள். தொழிலை ஒழுங்காகப் படிப்பிக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. உருவத்தைக் காட்டினாலே சனம் காசு கொடுத்தது. பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே ஓவன் மாடன் போன்ற நியூயோர்க் பாதாள உலகத்தவரின் கைக்குள் அவர் போனார். ஊர் ஊராகச் சண்டை. வந்தவர்கள் எல்லாம் தொட்டவுடன் விழுந்தார்கள். பல சண்டைகள் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டவை என்று லெயோன் சேயே பின்னர் புத்தகமாக எழுதினார். தான் வெல்வது நிசம் என்றே கர்னேரா நம்பியிருந்தார் என்பது பலரது முடிவு. ஆங்கிலம் தெரியாத ஒருவர், தனக்காக மற்றவர்கள் எழுதிய கடதாசிகளில் கையொப்பமிட்டுக்கொண்டு ஒரு நாட்டைச் சுற்றிவந்தார். நுழைவுச்சீட்டுப் பணம் மலையாகக் குவிந்தது. அவருடைய கைக்கு வந்தது கொஞ்சம்.

1933 பெப்ரவரியில் அவரோடு மோதிய ஏர்ணி ஷாவ் நினைவிழந்து, சில நாட்களில் இறந்துபோனார். ஷாவ் ஏற்கனவே வேறு சண்டையிலும் காய்ச்சலிலும் அடிபட்ட உடம்பு. அந்த மரணம் கர்னேராவை உலுக்கியது. அதே வருடம் யூன் 29 இல் ஜக் சார்க்கியை ஆறாவது சுற்றில் வீழ்த்தி உலகச் சம்பியன் ஆனார். முசோலினியின் அரசு அவரைத் தன்னுடைய சொத்தாக்கிக்கொண்டது. கறுப்புச் சட்டை போட்டுப் படம் பிடித்தது.

பட்டம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 1934 யூன் 14 இல் மக்ஸ் பேயர் அவரைப் பத்துத் தடவைக்கு மேல் விழுத்தினார். (முதல் வருடந்தான் இருவரும் ஒரே சினிமாப் படத்தில் நடித்திருந்தார்கள், அந்தப் படப்பிடிப்பிலேயே பேயர் இவரை அளந்து வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு.) விழ விழ எழும்பினார் என்பதைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை. பேசி முடித்த சண்டைகளில் மட்டும் வளர்ந்த ஒருவரால் அது முடிகிற காரியமல்ல. அடுத்த வருடம் ஜோ லூயிஸிடமும் தோற்றார். கர்னேரா நிலத்தில் கிடக்கும் படங்களைப் போடக்கூடாது என்று முசோலினியின் ஆட்கள் பத்திரிகைகளுக்கு உத்தரவிட்டார்கள். நேற்றுவரை தோளில் சுமந்தவர்கள் அவர்கள்தான்! 1936 இல் இன்னொரு சண்டையில் காலொன்று மரத்துப்போய் வைத்தியசாலையில் படுத்தபோது, அவரை வைத்துச் சம்பாதித்தவர்கள் பக்கத்தில் இல்லை.

இந்தக் கதையில் ஏமாற்றியவர் யார்? ரசிகர்கள் கர்னேராவைத்தான் சொன்னார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாக வந்த நாட்டில், பாசை விளங்காமல், "இதில் ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று நீட்டப்படும் கடதாசியின் முன்னால் நிற்பது எப்படியென்று எமக்குத் தெரியும். வேலை ஒப்பந்தமோ வீட்டு வாடகைப் பத்திரமோ எதுவானாலும், ஒருநாள் பொறுக்கச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடத்தில் இத்தாலியம் படிக்கும் உங்கள் பிள்ளையே உரக்க வாசித்துச் சொல்லும். அது விளங்காவிட்டால் தொழிற்சங்கங்களின் "பத்ரொனாத்தோ" அலுவலகங்கள் இருக்கின்றன. பயிற்சிக்கூடத்திலும் அப்படியே. மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்களா, முதல் மாதமே மேடையேற்றப் பார்க்கிறார்களா, மாதப் பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருகிறார்களா என்று பாருங்கள். நல்ல பயிற்றுனர் பொடியனை நெடுநாள் கயிறடிக்க வைப்பார். பிள்ளை சலித்துக்கொள்ளும், சலிக்கட்டும்.

கர்னேரா அதோடு முடிந்துவிடவில்லை. யுத்தத்துக்குப் பின் 1946 இல் மறுபடியும் அமெரிக்கா போய் மல்யுத்தத்தில் இறங்கினார். இம்முறை உழைத்த காசு வீட்டுக்கு வந்தது, பிள்ளைகளைப் படிப்பித்தார். 1956 இல் அவருடைய கதையைத் தழுவியதாகக் கருதப்பட்ட ஒரு ஹொலிவூட் படம் வந்தபோது, தன் பெயர் கெட்டதென்று வழக்குப் போட்டுத் தோற்றார். 1967 இல் நோயாளியாகச் செக்குவால்ஸுக்குத் திரும்பி வந்தார். அந்த யூன் 29 ஆம் திகதி, சார்க்கியை வீழ்த்தி 34 வருடங்கள் நிறைந்த நாளில், சொந்த ஊரில் கண்ணை மூடினார். அவர் கட்டிய வீடு இப்போதும் அங்கே நிற்கிறது. உதினேப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் போகும்போது ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம்.