காவலும் கடமையும்

கொள்ளைநோய்க் காலத்தில் பிரயாணிகளைக் காப்பது எங்ஙனம்? 1904-இல் திறக்கப்பெற்று இரவும் பகலும் ஓடிவந்த நியூயார்க்குச் சுரங்க ரயிலை, கொரோனா பரவிய 2020 மே 6 முதல், வண்டிகளைக் கழுவுதற்பொருட்டுப் பின்னிரவு 1 மணி முதல் 5 மணிவரை நிறுத்தினர். அந்நோய் பெரிதும் காற்றின் வழியே தொற்றுவதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. முகக்கவசமும் காற்றோட்டமும் செய்யும் காவலைக் கழுவுநீர் செய்யாது.

பஸ்களில் பின்வாயில் வழியே ஏற்றிச் சாரதிகளைக் காக்க முயன்றமை நன்றே. எனினும் நூற்றுக்கு மேற்பட்ட போக்குவரத்து ஊழியர் மாண்டனர்.

இரவு முழுவதும் ஓடும் ரயில் 2021 மே 17-இல்தான் மீண்டது. அதுகாறும், பிணியாளரைப் பேணும் தாதியரும் துப்புரவாளரும் அந்நேரத்தில் பஸ்ஸையே நம்பி நின்றனர். வீட்டிலிருக்க வகையற்றோரை வீதியில் நிறுத்துவது காவலாகாது. கண்ணுக்குத் தோன்றும் தூய்மையினும், அவர்தம் வழியை அடைக்காதிருத்தலே முதற்கடமை என்பது எமது துணிபு.