நாலு முருகனும் ஒரு முகவரிப் புத்தகமும்

கணினியில் இருக்கும் முகவரிப் புத்தகத்தையும் நாட்காட்டியையும் இணையக் கணக்கோடு ஒத்திசைக்கப் போய், கடைசியில் இரண்டையும் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. 'சிங்க்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அழுத்திவிட்டுப் பார்த்தால் ஒரு முருகன் நாலு முருகனாகியிருப்பார். அல்லது இருந்த முருகனும் காணாமல் போயிருப்பார். முதலாவது வெறும் எரிச்சல். இரண்டாவது உண்மையான இழப்பு. வீட்டு எண் தவிர வேறெந்த எண்ணும் இன்றைக்கு யாருக்கு மனப்பாடம்?

இப்படி ஆனதும் பெரும்பாலானவர்கள் சொல்வது, "எனக்கு கம்ப்யூட்டர் சரியா வராதுங்க". அது அநியாயம். பாதிப் பழி இந்த மென்பொருள்களைச் செய்தவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் கதவை மூடிக்கொண்ட நிறுவனங்களுக்கு. மிச்சம் இருப்பதுதான் பயன்படுத்துகிறவருக்கு.

1996இல் பாம் பைலட் வந்தபோது விஷயம் எளிது. ஒரு கணினி, ஒரு கருவி, நடுவில் ஒரு தொட்டில். கருவியைத் தொட்டிலில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டே பேர் என்பதால் பஞ்சாயத்தும் சுலபம். இப்போது வீட்டுக் கணினி, செல்பேசி, ஜிமெயில், அலுவலகக் கணக்கு என்று நாலைந்து பேர் ஒரே புத்தகத்துக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். கடைசியாக எழுதினவன் சொன்னதுதான் சரி என்பதே பல மென்பொருள்களின் தீர்ப்பு. கடைசியாக எழுதினவன் தப்பாக எழுதியிருந்தால்? அதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒத்திசைவு மென்பொருள் முருகனைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே ஒரு நீண்ட அடையாள எண் இருக்கிறது. அதைத்தான் அது பார்க்கிறது. ஜாக்கிரதையான ஆள் என்ன செய்வார்? முதலில் கணினியில் இருப்பதையெல்லாம் ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கி, இணையக் கணக்கில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு சிங்கை முடுக்குவார். சிஎஸ்வியில் அந்த அடையாள எண் பெரும்பாலும் வராது. ஆகவே கணினியில் இருக்கும் முருகனும் இணையத்தில் இருக்கும் முருகனும் ஒன்றுக்கொன்று அந்நியர்கள். இருவரையும் இரண்டு பக்கமும் அனுப்பி வைக்கும். ஜாக்கிரதையாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு! இன்னொரு வழியும் உண்டு. செல்பேசி கூகுளோடும் பேசும், கேபிள் வழியாகக் கணினியோடும் பேசும். கணினியும் தனியாகக் கூகுளோடு பேசும். வட்டம் பூர்த்தி. ஒரே செய்தி ஊரைச் சுற்றி வந்து புதுச் செய்தியாக வாசலில் நிற்கும். மூன்று பாதைகளில் ஒன்றை அறுத்தால் ஒழிய இது நிற்காது.

இதற்கு மேல் தமிழ்ப் பெயர்களுக்கென்றே தனியாக ஒரு தலைவலி. விகார்ட் என்கிற முகவரி அட்டை வடிவம் 1990களின் நடுவில் சில நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. அதில் முதல் கட்டம் குடும்பப் பெயருக்கு, அடுத்தது சொந்தப் பெயருக்கு. தமிழ்நாட்டில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? இருப்பது அப்பாவின் முதலெழுத்து. கே. முருகனின் 'கே'யை ஒரு மென்பொருள் குடும்பப் பெயரில் போடும், இன்னொன்று சொந்தப் பெயரோடு ஒட்டும். போய் வந்தால் அவர் 'முருகன் கே' ஆகியிருப்பார். எண்ணும் அப்படித்தான். ஒரு இடத்தில் +91, ஒரு இடத்தில் 0, இன்னொரு இடத்தில் வெறும் பத்து இலக்கம். இரட்டிப்புகளைச் சேர்த்து வைக்கிறேன் என்று வரும் கருவிகளில் சில, இவற்றை வேறு வேறு ஆட்கள் என்று விட்டுவிடும். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வீட்டுத் தொலைபேசி எண் இருந்தால், இருவரையும் ஒரே ஆளாக்கலாமா என்று கேட்டு நிற்கும். :)

எழுத்துரு சங்கதி இன்னும் மோசம். பழைய விகார்ட் 2.1இல் தமிழ் எழுத்துகள் நேராகப் போகாது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றப்படும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். 'முருகன்' என்ற பெயரில் காலும் புள்ளியும் சேர்த்து ஏழு குறிகள். ஆக அவர் பெயர் 63 எழுத்து நீளம். வெங்கடசுப்பிரமணியனுக்கு 171! ஒரு வரிக்கு 76 எழுத்துதான் என்பதால் அவர் மூன்று வரிகளாக உடைவார். சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட மென்பொருள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடும். அதேபோல தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, புரியாத குறிகளாகத் தெரிந்ததும் பதறி, 'சேமி'யையும் அழுத்திவிட்டால் அந்தக் கோப்பின் கதை முடிந்தது. இதற்குப் பயந்தே பலர் அம்மாவின் பெயரைக்கூட ஆங்கில எழுத்தில் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

நாட்காட்டிக்கு வேறு நோய். பிறந்தநாள் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறதா? சில மென்பொருள்கள் 'முழு நாள்' என்று எழுதாமல் 'நள்ளிரவு 12 மணி' என்று எழுதி வைக்கும். இந்திய நள்ளிரவு என்பது உலகப் பொது நேரத்தில் முந்தின நாள் மாலை 6.30. வழங்கி அதை அப்படியே படித்தால் தேதி பின்னால் போய்விடும். அரசாங்கங்களும் தம் பங்குக்கு உதவுகின்றன. இலங்கை 2006 ஏப்ரலில் தன் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியது. அமெரிக்கா 2007இல் கோடை நேரத்தைச் சில வாரங்கள் முன்னதாகவே தொடங்கியது. நேர மண்டலக் கோப்பைப் புதுப்பிக்காத கணினிகளில் கூட்டங்களெல்லாம் தள்ளிப்போயின.

இதெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல், மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது கதவடைப்பு. நாட்காட்டிக்கு கால்டாவ் என்ற பொது நெறிமுறை 2007இலேயே வந்துவிட்டது. முகவரிக்கு கார்ட்டாவ் 2011இல். எல்லோரும் இதைப் பேசினால் பாதித் தொல்லை ஒழிந்தது. ஆனால் அவுட்லுக்குக்காக கூகுள் 2008இல் கொடுத்த ஒத்திசைவுக் கருவியை 2014 ஆகஸ்டில் நிறுத்தியது. 2013 மார்ச்சில் கால்டாவையே தான் அனுமதிக்கிறவர்களுக்கு மட்டும் என்றது. எதிர்ப்பு வந்த பிறகு ஜூனில் இறங்கி வந்தது. ஆப்பிளின் மொபைல்மீ 2008இல் தடுமாறிப் பிறந்து 2012இல் மூடப்பட்டது. விண்டோஸ் அவுட்லுக்கில் கால்டாவ் சேர்க்கத் தனியாகத் துணைநிரல் போட வேண்டியிருந்தது. புதிய அவுட்லுக் அந்தப் பழைய வகைத் துணைநிரல்களையே ஏற்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டில் நாட்காட்டியும் உள்ளேயே இருக்கிறது, 2021 முதல் கார்ட்டாவும் இருக்கிறது. தன்னார்வலர்களை நம்பி வளர்ந்த மென்பொருளால் முடிந்தது, கோடிகளில் புரளும் நிறுவனத்தால் முடியவில்லை என்றால் மனம் இல்லை என்றுதான் அர்த்தம்.

பிழைச் செய்திகளையாவது ஒழுங்காக எழுதலாம். ஐகிளவுடை வேறு மென்பொருளில் சேர்க்க வேண்டுமென்றால் அந்த மென்பொருளுக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்க வேண்டும். 2017 முதல் அதுதான் விதி. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் வழக்கமான கடவுச்சொல்லைப் போட்டவருக்குத் திரையில் கிடைப்பது 'கடவுச்சொல் தவறு'. தவறில்லையே! சரியான கடவுச்சொல்லை இருபது முறை அடித்துப் பார்த்துவிட்டு, கணக்கையே யாரோ திருடிவிட்டதாக நினைத்துப் பயந்தவர்கள் உண்டு.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தேர்வு அட்டவணையை ஒரு நாட்காட்டி இணைப்பாகக் கொடுத்தால், அதைச் சேர்த்துக்கொள்வது ஒத்திசைவு அல்ல, வெறும் சந்தா. ஒருவழிப் பாதை. அதுவும் கூகுள் நாட்காட்டி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். காலையில் மாற்றிய தேர்வு நேரம் மதியம் வரை பழைய நேரமாகவே தெரியலாம். அறிவிப்புப் பலகைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று நம்புவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. சேர்ப்பது எவ்வளவு வேகமாகப் பரவுகிறதோ அழிப்பதும் அவ்வளவு வேகமாகப் பரவும். காலியான செல்பேசியை முதன்முறை இணைக்கும்போது வரும் 'மாற்றவா, சேர்க்கவா' என்ற கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் போதும். கூகுள் தொடர்புகளில் 30 நாள் வரை பின்னோக்கிப் போய் மீட்கலாம். ஐகிளவுட் இணையதளத்திலும் 30 நாளுக்குள் எடுக்கப்பட்ட பழைய பிரதிகளிலிருந்து மீட்கலாம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது, ஏதோ மெனுவுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். தெரிந்தாலும், தினமும் பேசுகிறவர் எண் காணாமல் போனால்தான் அன்றைக்கே தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் கூப்பிடும் பழைய ஆசிரியர், வெளியூர் அத்தை, எப்போதோ உதவிய மருத்துவர் இவர்களின் எண் போனது அடுத்த தீபாவளிக்குத்தான் தெரியவரும். அதற்குள் அந்த 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் விகார்டாக இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைக்க இரண்டு நிமிடம் ஆகும். சிங்க் பொத்தானைப் பெரிதாக வரைகிறவர்கள் அதன் பக்கத்திலேயே இதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கலாம்.