ஆங்கிலம் கற்பிப்பதற்கும் ஒரு படிப்பு உண்டு

தமிழும் ஆங்கிலமும் போதும் என்று 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானித்தது. அந்த முடிவு சரியானது என்பதில் நமக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால், அதனுள் ஒரு வாக்குறுதியும் அடங்கியிருந்தது. வீட்டில் ஒருவரும் ஆங்கிலம் அறியாத குடும்பத்துக் குழந்தையும் அரசுப் பள்ளியின் வழியாகவே அம்மொழியைப் பெற்றுவிடும் என்பதே அந்த வாக்குறுதி. 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் தொடங்கப்பட்டபோது அது மேலும் உரத்து ஒலித்தது. அதைக் காப்பாற்ற, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பயின்ற ஆசிரியர்களை அரசு உருவாக்கியிருக்க வேண்டும். அந்தக் கடமையில் தமிழகம் தவறிவிட்டது.

இன்று நம் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் யார்? தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். ஈராண்டுப் பட்டயப் படிப்பை முடித்துவந்து, கணக்கு முதல் சூழ்நிலையியல் வரை அத்தனை பாடங்களையும் நடத்தும் பொறுப்பைச் சுமப்பவர்கள் அவர்கள். உயர்நிலை வகுப்புகளில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு வருபவர்கள் முதுகலைப் பட்டமும் பெற்றவர்கள். ஆனால், அந்த முதுகலைப் படிப்பின் பெரும்பகுதி சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், திறனாய்வுக் கோட்பாடுகள் என்றே செல்கிறது. மொழி கற்பித்தலுக்கு ஒரு தாள் இருந்தால் அதிகம். இலக்கியக் கல்வி மதிப்புக்குரியது. அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. எனினும், மில்டனைப் பயின்றதனாலேயே, எழுத்துக்கூட்டத் தடுமாறும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை வாசிக்க வைக்கும் திறன் ஒருவருக்கு வந்துவிடாது.

அந்தத் திறனுக்கென்று தனித்துறை இருக்கிறது. தாய்மொழி வேரூன்றிய மனத்தில் இன்னொரு மொழி எப்படிப் படிகிறது, எந்தப் பிழை வளர்ச்சியின் அடையாளம், எந்தப் பிழை திருத்தப்பட வேண்டியது என்பதையெல்லாம் அது ஆராய்கிறது. தமிழ்க் குழந்தைக்கு ஒரே பகர எழுத்து இடத்துக்கேற்ப இரண்டு ஒலிகளைத் தருகிறது. ஆங்கிலத்திலோ அவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள், அவை மாறினால் பொருளே மாறிவிடும். தமிழில் வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவில் நிற்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கிலம் கட்டாயமாக்கும் சிறு சொற்களுக்குத் தமிழில் இணை இல்லை. இவற்றை அறிந்த ஆசிரியர், குழந்தை எங்கே இடறும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து பாடத்தை அமைப்பார். அறியாதவர், இடறிய குழந்தையை மக்கு என்று எண்ணிவிடுவார். முறையான பயிற்சி இல்லாததால் விளையும் அநீதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தத் துறை நமக்குப் புதிதன்று. ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்காகவே 1958இல் ஐதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனம் நிறுவப்பட்டது. இன்று அது மத்தியப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது. தென் மாநிலங்களுக்கென 1963இல் பெங்களூரில் மண்டல நிறுவனம் அமைந்தது. சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில் தொடங்கிய ‘மதராஸ் பனிப்பந்து’ இயக்கம், ஒருவர் பலருக்கும் அந்தப் பலர் மேலும் பலருக்கும் கற்பிக்கும் முறையில் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை எட்ட முயன்றது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய ‘பெங்களூர்த் திட்டம்’ தென்னிந்தியாவின் சாதாரண வகுப்பறைகளில் நிகழ்ந்தது. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்கிட்டும் வழி கண்டுபிடித்தும் பொருளில் மனம் செலுத்தும்போது, இலக்கணம் தானே படிகிறது என்பதே அதன் அடிப்படைக் கருத்து. செயல்வழி மொழிக் கற்பித்தலின் முன்னோடியாக உலகெங்கும் அது பயிலப்படுகிறது. நம் மண்ணில் முளைத்த அந்தச் சிந்தனை நம் அரசுப் பள்ளி வகுப்பறையின் வழக்கமாக மாறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இந்தக் குறையை நிலைநிறுத்துகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் உள்ள 150 வினாக்களில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள்; அனைத்தும் சரியான விடையைத் தெரிவுசெய்யும் வகை. தேர்வர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசிக் காட்டவும் வேண்டாம், ஒரு பாடம் நடத்திக் காட்டவும் வேண்டாம். பணியில் சேர்ந்தபின் தம் முயற்சியால் மேற்படிப்பு முடிப்பவர்களுக்கு வழங்கப்பட்டுவந்த ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020இல் நிறுத்தியது. பின்னர் ஒருமுறை மட்டும் தரும் தொகையாக அதைச் சுருக்கியது. படிக்க விரும்பும் ஆசிரியருக்கு இதன்மூலம் அரசு சொல்லும் செய்தி மிகத் தவறானது.

பல்கலைக்கழகங்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. மொழி கற்பித்தலை இலக்கியத் துறையின் ஓரத்தில் ஒண்டவிட்டதும், வகுப்பறையையே காணாமல் அஞ்சல்வழியில் முடிக்கக்கூடியதாகக் கற்பித்தல் பட்டங்களை வடிவமைத்ததும் கல்வி நெறிக்குப் பொருந்தாதவை. ஒரு மருத்துவர் நோயாளியைத் தொடாமல் பட்டம் பெறுவதை நாம் ஏற்கமாட்டோம். வசதியுள்ளவர்கள் வெளிநாடு சென்று, பெருந்தொகை செலவழித்து இத்துறையில் முதுகலைப் பட்டம் பெறலாம். ஆனால், அவர்கள் திரும்பிவந்தாலும் அந்தப் பட்டத்துக்கென அரசுப் பள்ளியில் தனிப் பணியிடம் இல்லை. அவர்களுடைய அறிவு, அயல்நாடு செல்வோருக்கான தேர்வுப் பயிற்சி மையங்களிலும் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளிலும் போய்ச் சேர்வதில் வியப்பில்லை.

இதன் விலையைச் செலுத்துபவர்கள் யார் என்பதே முதன்மையான கேள்வி. பெற்றோர் ஆங்கிலம் அறிந்த வீட்டில் பள்ளியின் குறையை வீடு நிரப்பிவிடும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு அந்த வாய்ப்பில்லை. அதற்கு ஆசிரியரே ஒரே வழி. ஆங்கில வழிப் பிரிவில் சேர்க்கப்பட்ட அந்தக் குழந்தை, புரியாத மொழியில் அறிவியலையும் கணக்கையும் மனப்பாடம் செய்கிறது. ஆங்கிலமும் வருவதில்லை, பாடமும் புரிவதில்லை. கல்லூரியின் முதல் விரிவுரையிலும் வேலைக்கான நேர்காணலிலும் அந்த இளைஞர் கூனிக் குறுகும்போது, குற்றம் தன்னுடையது என்று நம்பிவிடுகிறார். அது அவருடைய குற்றமன்று. அவருடைய ஆசிரியர்களின் குற்றமும் அன்று; கற்றுத் தரப்படாத தொழிலைச் செய்யும்படி ஏவப்பட்டவர்கள் அவர்கள்.

காலிப் பணியிடங்களை நிரப்பவே நிதி போதாதபோது சிறப்புப் பட்டம் எதற்கு என்ற வாதம் எழலாம். தகுந்த பயிற்சியின்றிப் பத்தாண்டுகள் நடத்தப்படும் ஆங்கில வகுப்புகளுக்கும் மக்கள் பணமே செலவாகிறது என்பதே அதற்கு நம் பதில். ஆங்கிலக் கற்பித்தலை வலுப்படுத்தினால் தமிழ் நலியும் என்ற அச்சமும் தேவையற்றது. இரண்டாம் மொழி என்ற கருத்தே முதல் மொழியின் இடத்தை ஏற்றுக்கொண்டு எழுவது. தாய்மொழியில் நன்றாக வாசிக்கும் குழந்தைக்கு அடுத்த மொழியை வாசிப்பதும் எளிதாகிறது. தமிழை வகுப்பறையிலிருந்து விரட்டாமல், அதைத் துணையாகக் கொள்ளக் கற்றுத் தருவதும் இந்தத் துறையே.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கான முதுகலைப் படிப்பை முழுநேரப் படிப்பாகத் தொடங்க வேண்டும். அதில் கணிசமான காலம் அரசுப் பள்ளிகளில், அனுபவமுள்ள ஆசிரியரின் மேற்பார்வையில் கழிய வேண்டும். பணியிலுள்ள ஆசிரியர்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பில் அதைப் பயில வழிசெய்ய வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் அந்தப் பட்டத்தை இலக்கியப் பட்டத்துக்கு இணையாக ஐயத்துக்கிடமின்றி ஏற்று, பேச்சுத் தேர்வையும் மாதிரி வகுப்பையும் கட்டாயமாக்க வேண்டும். முதற்கட்டமாக ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இப்பட்டம் பெற்ற ஒருவரையேனும் அமர்த்தித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து துணைநிற்கச் செய்ய வேண்டும். சில நாள் பணியிடைப் பயிற்சி முகாம்கள் இதற்கு ஈடாகா.

பலகையில் ‘ஆங்கில வழி’ என்று எழுதிவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பியதில் பெற்றோருக்கும் சமூகத்துக்கும் பங்குண்டு. எனினும், முதன்மைப் பொறுப்பு, மாறிமாறி ஆட்சிக்கு வந்து அந்த நம்பிக்கையை வாக்குகளாக மாற்றிக்கொண்டவர்களையே சேரும். ஏழைக் குழந்தைக்கு ஆங்கிலம் தருவதாக அறிவித்துவிட்டு, அதைக் கற்பிக்கும் கல்வியை வளர்க்க மறுப்பது வாக்குத் தவறுவதாகும். வரும் கல்வியாண்டுக்கான ஒதுக்கீட்டில் இந்தப் படிப்புக்கும் இந்தப் பணியிடங்களுக்கும் இடமளித்து அரசு அந்தத் தவற்றைத் திருத்த வேண்டும். அதைச் செய்யும்வரை, ஆங்கில வழிப் பிரிவுகளின் எண்ணிக்கையைச் சாதனையாகச் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.