குலுக்குச் சீட்டும் அரசாணையும்

ஒரு நகர நிர்வாகம் தன் கையிலுள்ள நிலமோ கட்டடமோ இனித் தனக்குத் தேவையில்லை என்று கருதும்போது, அதை யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பவற்றுக்கு மாமன்றத் தீர்மானம், அரசின் ஒப்புதல், பொது ஏலம், பதிவுத் துறை நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு எனப் பல படிகளை வைத்திருக்கிறது. ஆனால், அந்தச் சொத்து உண்மையிலேயே உபரிதானா என்று தீர்மானிக்கும் முதல் படி மட்டும் ஒரு கோப்பின் குறிப்புப் பக்கத்தோடு முடிந்துபோகிறது. பின்னால் எழும் வழக்குகளும் போராட்டங்களும் பெரும்பாலும் இந்த முதல் படியில் கேட்கப்படாத கேள்விகள்தாம்.

சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் கதை இதற்கு நல்ல பக்கமும் உண்டு என்று காட்டுகிறது. 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட 160 ஏக்கர் 86 சென்ட் நிலத்துக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். உயர்த்தப்பட்ட வாடகையில் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று கூறி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு முத்திரை வைத்தது. அதில் 118 ஏக்கரில் பூங்கா அமையும் என்று அடுத்த மாதமே அறிவிக்கப்பட்டது. மழை வந்தால் வேளச்சேரி மிதக்கும் நகரத்தில் இது வரவேற்கத்தக்க முடிவு என்பதில் ஐயமில்லை. எனினும், இந்த முடிவும் அரசாணை வழியே வந்ததுதான். அரசாணை நல்லதாக அமைவது அன்றன்றைய கோட்டையின் மனநிலையைப் பொறுத்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1968-லேயே உபரி நிலத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றி, 2019-இல் அதைக் கடுமையாக்கியது. அதன்படி ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் நிலம் உபரி என்பதைப் பொதுக்கூட்டத்தில் அறிவித்தாக வேண்டும். விற்பதற்கு முன் எளியோருக்கு வீடு கட்டுவோர், பூங்கா அமைப்புகள், பள்ளிகள் ஆகியோருக்குத் தகவல் தந்து, விருப்பம் தெரிவிக்க 60 நாள் காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு என்றாலும், ஏலத்துக்கு முன்பே ஊரைக் கேட்கும் கடமையை அது நிர்வாகத்தின் தலையில் கட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலோ, நகரத்தின் உபரி நகர எல்லைக்குள் மட்டும் கிடப்பதில்லை. பழவேற்காடு ஏரியின் நடுவே, நெடுங்காலம் படகையே வழியாகக் கொண்டிருந்த பசியாவரம் போன்ற மீனவக் கிராமங்களிலிருந்து தெற்கே எண்ணூர் வரை நீளும் கரையில், சென்னைக்குத் தேவையான மின்சாரமும் துறைமுகமும், கூடவே நிலக்கரிச் சாம்பலும் இறங்க இடம் தேடியபோதெல்லாம், உப்பளமும் சதுப்பும் புறம்போக்கும்தான் ‘சும்மா கிடக்கும் நிலமாக’ அதிகாரிகளின் கண்ணில் பட்டன. புறம்போக்கு என்பது வரி விதிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட நிலம்; தனியார் பட்டா இல்லை என்பதே அதன் இலக்கணம், பயன்படுத்துவோர் இல்லை என்பதன்று. சேற்றுநீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கவ்விய பனையோலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களின் உழைப்பு எந்தக் கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டிலும் ஏறியதில்லை. கோடையில் வரும் நில அளவர் வெடித்த களரைக் காண்கிறார். அதே இடத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் படகு ஓடும்.

விளைவு தெரிந்ததே. எண்ணூர்க் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கரை முழுப் பாதுகாப்புக்குரியதாகக் காட்டிய, 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடம் இருக்க, கழிமுகமே காணாமற்போன வேறொரு வரைபடத்தை வைத்து அனுமதிகள் தரப்பட்டதாக 2017-இல் மீனவர்கள் புகார் எழுப்பினர். இதே கரையிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கான பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறிக்கப்பட்டு, இரு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. கடலையே தூர்த்து நிலமாக்கும் பகுதியும் அத்திட்டத்தில் அடக்கம் என்பதால், இன்னும் உண்டாகாத நிலத்துக்கும் பங்கீடு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பழவேற்காடு ஏரியிலோ பொதுச் சொத்தைப் பங்கிடும் இன்னொரு முறை பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளமுள்ள நீர்ப்பரப்புகளில் வலை கட்டும் முறையைப் ‘பாடு’ என்கின்றனர். உரிமையுள்ள தலைக்கட்டுகள், அதாவது மணமான ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்பங்கள், ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்கின்றன. நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாதபடி முறை சுற்றி வருகிறது. இதைப் பொற்காலச் சமத்துவம் என்று கொண்டாடத் தேவையில்லை. பாடு உரிமை சில ஊர்களுக்கும் மீனவச் சாதிக்குமே உரியதாக இருந்ததால், இருளரும் பிறரும் ஓரத்திலேயே நின்றனர், பூசல்களும் ஓயவில்லை. ஆயினும், பங்கீடு ஊரறிய நடக்கிறது, தோற்றவருக்கும் அடுத்த முறை எப்போது என்று தெரியும் என்ற இரண்டு குணங்கள் அதற்கு உண்டு. நில மாற்ற அரசாணைகளில் இவ்விரண்டையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பொதுப் பயன்பாட்டு நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டுக் கிராமத்தின் பயனுக்கே தர வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அத்தீர்ப்பு இங்கே ஏழைக் குடிசைகளை அகற்றும்போது மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு, பெருந்திட்டங்களுக்கு நிலம் மாற்றும்போது நினைவுக்கு வருவதில்லை.

எனவே சென்னை மாநகராட்சியும் வருவாய்த் துறையும் செய்யத்தக்கவை சில உண்டு. தம் வசமுள்ள பொது நிலங்களின் பட்டியலைப் புல எண்ணோடும் இப்போதைய பயன்பாட்டோடும் தமிழில் வெளியிட வேண்டும். எந்த நிலத்தையும் உபரி என்று எழுதுமுன் மழைக்காலம் ஒன்றும் கோடை ஒன்றுமாக இரு முறை கள ஆய்வு நடத்தி, அங்கே கையால் இறால் பிடிப்போர் உட்பட அனைவரின் வாக்குமூலத்தையும் பதிய வேண்டும். ஆட்சேபணை கேட்கும் அறிவிப்பை வட்டாட்சியர் அலுவலகப் பலகையில் மட்டுமன்றி, பழவேற்காடு படகுத்துறையிலும் ஒட்ட வேண்டும். காட்டுப்பள்ளிக்கு மூன்றாம் முறையாகப் பொது விசாரணை அறிவிக்கப்படுமானால், அது இந்த ஆய்வறிக்கை ஊர்க்கூட்டங்களின் கைக்குக் கிடைத்த பிறகே நடக்க வேண்டும்.