கரன்ட் பில்லையும் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேம்ஸ், படம், இன்டர்நெட் என்று தொடங்கிவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வர வேண்டாமா? முதல் வேலையாக ஈ.பி. கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எக்ஸெல்லைத் திறங்கள் என்பேன். எக்ஸெல் இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

முதல் நெட்டு வரிசையில் தேதி, இரண்டாவதில் மீட்டர் ரீடிங். மூன்றாவதில், ரீடிங் வித்தியாசத்தை இடைப்பட்ட நாட்களால் வகுக்கும் பார்முலா. விடை தேதி போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். செல்லின் பார்மட்டை நம்பர் என மாற்றுங்கள். இதுதான் ஒரு நாளைக்கு நீங்கள் செலவழிக்கும் யூனிட்.

ரூபாயை ஒப்பிடாதீர்கள். கட்டணம் மாறும், ரீடிங் எடுக்கும் நாளும் மாறும். தினம் 8 யூனிட் என்றால் 60 நாளில் 480; அதுவே 64 நாளானால் 512! தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயாக இருந்தது. 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாயாக இருந்தது. 500ஐத் தாண்டினால் குறைந்த கட்டணப் படி கைநழுவிப் போனதால், அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாயாக இருந்தது. எனவே பில் வரும் வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை நீங்களே ரீடிங் பாருங்கள். 45ஆம் நாளில் 380ஐத் தாண்டியிருந்தால் உஷாராகலாம்.

ஓர் ஆண்டுக் கணக்கு சேர்ந்ததும் கிராப் போடுங்கள். மார்கழி, தை மாதங்களின் குறைந்த அளவு பிரிட்ஜ், விளக்கு போன்ற அன்றாடச் செலவு. கோடையில் அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் ஏ.சி.யும் ஃபேனும்தான். எதில் கை வைக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிடும்.

வாட்ஸை மணியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட். 75 வாட்ஸ் பழைய ஃபேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 45 யூனிட். 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 18 தான். கம்ப்யூட்டரையும் விடாதீர்கள்! 150 வாட்ஸ் இழுக்கும் டெஸ்க்டாப் 6 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது. ஸ்லீப் செட்டிங்தான் சேமிக்கும்.

பிளக்கில் செருகினாலே பில் பாதியாகும் என்று விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். அவை வீட்டு மீட்டர் காட்டும் யூனிட்டைக் குறைப்பதில்லை. எதை வாங்கினாலும், வாங்குவதற்கு முன்னும் பின்னும் உங்கள் ஷீட்டைப் பாருங்கள். விளம்பரத்தைவிட அது நம்பகமானது.