சூடானதும் நிற்கும் பைக்... கையும் களவுமாகப் பிடிப்பது எப்படி? | செகண்ட் ஹேண்ட் டைரி

முன்னீர்பள்ளம் தாண்டியதும், அந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நின்றது.

முதலில் ஒரு சின்னத் திணறல். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன், வேகம் கூடவில்லை. அடுத்த நொடி எஞ்சின் சத்தமே இல்லை. பின்னால் வந்த பஸ், ஹாரனை அலறவிட்டபடி எங்களை உரசாத குறையாக விலகிப் போனது. பின் சீட்டில் அம்மா. அவர் மடியில், அம்பாசமுத்திரத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் ஆச்சிக்கான சாப்பாட்டுத் தூக்கு. ரோட்டோரமாக இறங்கி நின்ற அம்மா திட்டவில்லை. ``அடுத்த வாரத்துல இருந்து நான் ரயில்லயே போயிக்கிடுதேன்'' என்று மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

20 நிமிடம் கழித்து உதைத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது, ஒன்றுமே நடக்காதது போல.

இந்த 100 சி.சி. பைக்கை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 2014 மாடல், டி.என்.72 பதிவு, விலை 32,000 ரூபாய். என் சம்பளத்தில் சேர்த்த முதல் பெரிய தொகை அது. வாங்கும்போது பாளையங்கோட்டைக்குள் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. பத்து கிலோமீட்டர் தாண்டினால்தான் அதன் குணம் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர்கள் வண்டியை எடுக்கும்போது எஞ்சின் ஆறிப்போயிருக்கும். ஸ்டார்ட் செய்வார்கள், ஓடும். ``நல்லாத்தான இருக்கு'' என்று ஒரு முறை பிளக் மாற்றினார்கள். அடுத்த முறை கார்புரேட்டர் கிட். அதற்கடுத்த முறை ஏர் ஃபில்டர். 4,300 ரூபாய் போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே இடத்தில் வண்டி நின்றது.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் காலேஜ் போக பைக் தேடிக்கொண்டிருந்தான். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, ``சூப்பரா இருக்குண்ணே, 28,000-க்குத் தாங்க'' என்றான். அவன் போனதும் அம்மா கேட்டார்: ``வண்டி நிக்கிற விஷயத்த அவன்ட்ட சொன்னியா?'' நான் பதில் சொல்லவில்லை. ``அவனும் யாரையாவது பின்னால உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போவாம்லா?''

அன்று ராத்திரி அவனுக்கு போன் செய்து, ``ஒரு மாசம் பொறு'' என்றேன்.

மெக்கானிக் வைத்த பரீட்சை

நண்பன் ஒருவன் மேலப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கூட்டிப்போனான். வயதான மனிதர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். கதையை முழுக்கக் கேட்டவர், வண்டியைத் தொடவே இல்லை.

``தம்பி, இங்க கொண்டாந்து பிரயோஜனம் இல்ல. சூட்டுல வாற கோளாறு, ஆறினதும் ஓடி ஒளிஞ்சிரும். கடைக்கு வந்து சேரும்போது களவாணி வீட்ட விட்டுப் போயிருப்பான். நின்ன இடத்துல, நின்ன அஞ்சு நிமிஷத்துக்குள்ள பாக்கணும். நீங்க பேப்பர்க்காரருதான? ஸ்பாட்ல போயி எழுதிட்டு வாங்க'' என்றார்.

பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று என்றும் சொன்னார். பெட்ரோல் வருகிறதா, கரன்ட் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா? எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓட இந்த மூன்றும் வேண்டும். நிற்கிறது என்றால் இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எது என்று தெரிவதற்கு முன்னால் எந்த பார்ட்ஸையும் மாற்றக் கூடாது.

ஒரு ஸ்பேர் பிளக்கும் குட்டி நோட்டும் வாங்கி பேக்கில் போட்டுக்கொண்டேன்.

முதல் ஞாயிறு: ``ஸ்ஸ்ஸ்...''

அம்மா ரயிலில் போய்விட்டார். நான் தனியாகக் கிளம்பினேன். முந்தின நாள்தான் டேங்க்கை நிரப்பியிருந்தேன். 11-வது கிலோமீட்டரில் வண்டி நின்றது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, அண்ணாச்சி சொன்னபடி முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்தேன். ``ஸ்ஸ்ஸ்'' என்று காற்று உள்ளே போகும் சத்தம். மூடியை லேசாக வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து உதைத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது!

கார்புரேட்டர் உள்ள சாதாரண பைக்கில் பெட்ரோல் தானாகத்தான் கீழே இறங்குகிறது. இறங்கிய பெட்ரோலுக்குப் பதிலாக டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு வழி இருக்கும். அது அடைத்துக்கொண்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். இளநீரில் ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் தண்ணீர் சரியாக வராது இல்லையா, அதே கதை.

இதற்கும் எஞ்சின் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், நிற்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆவதால் `சூடானதும் நிற்கிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். வெற்றிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு தடயம் உண்டு. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் வண்டி சீக்கிரம் நிற்கும். பெட்ரோல் குறைவாக இருந்தால் தாமதமாக நிற்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்று கொஞ்சம்தான் இருக்கும் என்பதால், வெற்றிடம் வேகமாக உண்டாகிவிடுகிறது.

அண்ணாச்சி மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தார். மாவு மாதிரி மண் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, ``வண்டல்'' என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு: கரன்ட் எங்கே?

பிரச்னை முடிந்தது என்று நினைத்துக் கிளம்பினேன். முன்னீர்பள்ளம் தாண்டியது. பத்தமடை தாண்டியது. சந்தோஷமாக இருந்தது. சேரன்மகாதேவியை நெருங்கும்போது வண்டி நின்றது!

மூடியைத் திறந்தேன். சத்தம் இல்லை. டேங்க்கில் பெட்ரோல் தளும்பியது. மூடியை இறுக்கி மூடிவிட்டு அடுத்த பரீட்சை. எஞ்சினில் இருக்கும் பிளக்கைக் கழற்றவில்லை. சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், கையும் வெந்துவிடும். பிளக் கேப்பை மட்டும் உருவி, அதில் ஸ்பேர் பிளக்கைச் சொருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்தேன். சாவியைப் போட்டு உதைத்தேன். பிளக் முனையில் பொறியே இல்லை. (இதைச் செய்யும்போது பிளக்கைக் கையில் பிடிக்கக் கூடாது, ஷாக் அடிக்கும். பெட்ரோல் கசிவோ, வாடையோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.)

15 நிமிடம் கழித்து மறுபடி உதைத்தேன். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தது.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: `சூட்டில் கரன்ட் இல்லை. ஆறினால் இருக்கிறது.' மூன்று மாதமாக 4,300 ரூபாய் செலவழித்தும் கிடைக்காத ஒரு வரி அது.

அண்ணாச்சி மேக்னெட் கவரைக் கழற்றினார். பிளக்கில் எப்போது பொறி வர வேண்டும் என்று தகவல் அனுப்பும் பிக்-அப் காயில் அதற்குள்தான் இருக்கிறது. எஞ்சின் சூடு நேரடியாகப் படும் இடம். அதில் மல்டிமீட்டரை மாட்டிவிட்டு, பக்கத்து சலூனிலிருந்து ஹேர் டிரையரை இரவல் வாங்கிவரச் சொன்னார். சூடு காட்டக் காட்ட மீட்டரில் எண் ஏறியது. ஒரு கட்டத்தில் தொடர்பே அறுந்துவிட்டதாகக் காட்டியது. ஆறவிட்டதும் பழைய எண் திரும்ப வந்தது.

காயிலுக்குள் இருப்பது தலைமுடி போன்ற செம்புக் கம்பி. எங்கோ விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரிந்து பிரியும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆறிய வண்டியைப் பார்த்த யாருக்கும் இது தெரிய வாய்ப்பே இல்லை. காயிலின் ஒயர் கனெக்டரையும் உருவிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

``வண்டி தண்ணி குடிச்சிருக்கு தம்பி'' என்றார்.

காயில் மாற்றி, கனெக்டரைச் சுத்தம் செய்ய, கூலியோடு 900 ரூபாய்.

தாமிரபரணி விட்டுச் சென்ற தடயம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை பெய்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து, தாமிரபரணி கரை தாண்டி சந்திப்பு, வண்ணார்பேட்டை பகுதிகளுக்குள் புகுந்தது. தெருவில் நின்ற பைக்குகள் அப்படியே மூழ்கின.

வண்டியை விற்றவருக்கு போன் செய்தேன். சண்டை போடத்தான் கூப்பிட்டேன். அவர் மறைக்கவில்லை. ``ஆமா தம்பி, வீட்டு வாசல்ல ரெண்டு நாளு தண்ணிக்குள்ள கெடந்துச்சு. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான் இருந்துச்சு, ஒத்த ரூவா வரல. நீங்க கேக்கலயே'' என்றார்.

தேர்டு பார்ட்டி பாலிசி, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான். வெள்ளத்தில் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு, `ஓன் டேமேஜ்' சேர்ந்த பாலிசி வேண்டும். அது இல்லாதவர் என்ன செய்வார்? கழுவித் துடைத்து விற்பார். `நீங்க கேக்கலயே' என்ற வார்த்தை என்னைச் சுட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியும் என்னிடம் கேட்கவில்லைதானே!

உங்கள் வண்டியும் இப்படி நிற்கிறதா?

என் வண்டியில் இருந்தது இரண்டு கோளாறு. உங்கள் வண்டியில் வேறு ஏதாவது இருக்கலாம். ஆனால், நின்ற உடனே பார்க்க வேண்டியது ஒன்றுதான்.

* மூடியைத் திறந்ததும் காற்றுச் சத்தம் வந்து, வண்டி கிளம்பினால், மூடித் துளை அடைப்பு.

* பொறி வரவில்லை, ஆறினால் வருகிறது என்றால் காயில், சி.டி.ஐ யூனிட், ஒயரிங் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

* பெட்ரோலும் பொறியும் இருந்தும், கிக்கர் வழக்கத்தைவிட லேசாக `பொத்'தென்று இறங்கினால், டேப்பட் இடைவெளியைச் சந்தேகப்படலாம். பல சிறிய பைக்குகளில் இந்த இடைவெளி 0.1 மி.மீ அல்லது அதற்கும் குறைவு. அது இன்னும் இறுகியிருந்தால், சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். இதை எஞ்சின் ஆறிய பிறகுதான் அளந்து சரிசெய்ய வேண்டும்.

* பிளக் கரியாகக் கறுத்திருந்தால் சோக் முழுதாகத் திரும்பவில்லையா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்று கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

* இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால், பழைய பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

* 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்-6 விதிக்குப் பிறகான பைக்குகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வகை. அவை நின்றால், மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று முதலில் கவனியுங்கள். மெக்கானிக் ஸ்கேனர் போட்டால் துப்பு கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். 25 கிலோமீட்டராவது, ஆள் ஏற்றி ஓட்டுங்கள். நிறுத்திவிட்டு, சூட்டோடு சூடாக மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். சீட்டைக் கழற்றி, மூலைகளில் வண்டல் படிந்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் கறைக்கோடு இருக்கிறதா, கனெக்டரில் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, ``வெள்ளத்துல நின்ன வண்டியா?'' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ``வேண்டாம்ணே'' என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான்கு ஞாயிறு தனியாகவே அம்பை போய் வந்தேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. ஐந்தாவது ஞாயிறு காலை கிளம்பும்போது, அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றார். ``ரயிலுக்கு நேரமாச்சே'' என்றேன்.

``வண்டிய எடுல'' என்றார்.

முன்னீர்பள்ளம் வந்தபோது, என் தோளைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது. பத்தமடை தாண்டிய பிறகுதான் தளர்ந்தது.

(அடுத்த வாரம்: பைக் கைக்கு வந்துவிட்டது... ஆர்.சி. புக்கில் பெயர் மாறியதா?)