பிலாலுக்குப் புகழாரம், காப்பிரிக்குக் கேலி

எமது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் வரலாறு பிலால் (ரழி) அவர்களுடையது. அபிசீனிய வம்சத்து அடிமை இஸ்லாத்தின் முதல் முஅத்தினாக உயர்ந்தார். நிறம் பாராத மார்க்கம் எமது மார்க்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்கிறோம். அதே வாயால், வீட்டில் ஒரு பிள்ளை கறுப்பாய், சுருள்முடியோடு பிறந்துவிட்டால் 'காப்பிலி' என்று பட்டம் சூட்டுகிறோம்.

காப்பிரி, காப்பிலி என்பதன் வேர் 'காஃபிர்' எனும் அரபுச் சொல். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் முஸ்லிமல்லாதோரை அரபு வணிகர் அவ்வாறு அழைத்தனர். போர்த்துக்கேயர் அச்சொல்லையும் எடுத்துக்கொண்டு, அந்த மக்களையும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தனர். தென்னாபிரிக்காவில் இன்று அது நீதிமன்றம் வரை போகக்கூடிய வசைச்சொல். புத்தளம் சிரம்பியடியில் வாழும் அவர்களின் சந்ததியினர் அதையே தம் இனப்பெயராகத் தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். அது அவர்களது உரிமை. அதைக் கேலிக்கு எடுக்கும் உரிமையை எமக்கு யார் தந்தது?

'அவர்கள் கத்தோலிக்கர்கள், எமக்கென்ன?' என்போர் உண்டு. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடலதிபதியிடம் சுமார் 500 ஹபஷிகள் இருந்ததாக எழுதியுள்ளார். எமது பூர்வீகத்தை நிறுவ இப்னு பதூதாவை மேற்கோள் காட்டும் நாம், இந்த வரியை மட்டும் தாண்டிப் போவதேன்?

இரத்மலானையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் ரயிலில் நான் கடக்கும் கொம்பனித்தெருவுக்கு 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு, என்பது ஆங்கிலப் பெயராக இருந்தது. அப்பெயரைக் கைவிட 2022இல் அரசு முடிவெடுத்தது. இழிபெயர் ஒழிந்தது நல்லதே. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் அங்கு அடைத்து வைக்கப்பட்டோரின் நினைவையும் சேர்த்தா ஒழிப்பது?

சிரம்பியடி மக்களிடம் எஞ்சியிருக்கும் பெருஞ்செல்வம் 'மாஞ்சா' பாடல்கள். மெதுவாய்த் தொடங்கி, போகப்போகத் தாளம் முடுக்கும். மேளத்தோடு சிரட்டை, கரண்டி, போத்தல் எல்லாம் வாத்தியமாகும். பாடலின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இளையோருக்குப் புரிவதில்லை. தாளம் மட்டும் கைமாறி வருகிறது. இத்தகைய தாளங்களின் உறவில் வளர்ந்த பைலாவுக்கு நாடே ஆடுகிறது. ஆடுவோரில் எத்தனை பேர் அதன் தாய்வீட்டைக் கேட்டறிந்தார்கள்?

கரீபியத் தீவான டிரினிடாட்டைப் பாருங்கள். 1881 கலவரத்தின் பின் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் முரசுகளை வெள்ளை அரசு அடக்கியது. 1884இல் முஹர்ரம் ஊர்வலத்தின் மீதும் பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து பலரைக் கொன்றனர். முரசு பறிபோன மக்கள் மூங்கிலைத் தட்டினர். பின்னர் எண்ணெய்ப் பீப்பாவை இசைக்கருவியாக்கினர். அந்த 'ஸ்டீல்பேன்' இன்று அந்நாட்டின் தேசிய வாத்தியம். 2023இல் ஐக்கிய நாடுகள் சபை அதற்கென ஓர் உலக தினத்தையே அறிவித்தது.

கொட்டு மார்க்கத்துக்கு ஆகாது என்று இங்கும் சிலர் எழுந்து நிற்பார்கள். நோன்பு காலத்தில் றபான் தட்டி எமது உம்மாமாரைச் சஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாக்களை என்ன செய்வது? அவர்களையும் வரலாற்றிலிருந்து துடைத்துவிடுவோமா?

ஓவியத்திலும் நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாய் விற்கப்பட்ட மலிக் அம்பர் (1548–1626), தக்காணத்தின் அஹ்மத்நகர் அரசையே நடத்திய முஸ்லிம். அவரைப் போர்க்களத்தில் முறியடிக்க முடியாத ஜஹாங்கீர், அவரது வெட்டுண்ட தலையைத் தான் அம்பெய்து துளைப்பதாக அபுல் ஹசனைக் கொண்டு வரைவித்தார். தூரிகை யாருடைய கையில் இருக்கிறதோ, அவருடைய ஆசையே சித்திரமாகிறது. சிரம்பியடியின் முகங்களை அன்போடு தீட்டுவதற்கு எமது ஓவியர்களுக்கு என்ன தடை?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எம்மவர் பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்ததும் அதே புத்தள மண்ணில்தான். வேரோடு பிடுங்கப்படுவதன் வலியை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆகவே மாஞ்சாவை ஒலிப்பதிவு செய்வோம். பாடுவோரின் பெயரோடு தமிழெழுத்தில் அச்சேற்றுவோம். எமது இலக்கிய மாநாட்டு மேடைக்கு அவர்களை விருந்தாளிகளாய் அழைப்போம். இவற்றில் ஒன்றையேனும் செய்துவிட்டு, அதன் பிறகு பிலாலைப் பற்றிப் பேசுவோம்.